முதல் மணிக்கு முன்: மட்டாஞ்சேரி ஆசிரியர்களின் கோரிக்கைச் சாசனம்

கேரள அரசுக்கும், பொதுக்கல்வித் துறைக்கும், கொச்சி மாநகராட்சிக்கும், உதவிபெறும் பள்ளிகளின் நிர்வாகங்களுக்கும், எங்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்கும்.

மட்டாஞ்சேரியிலும் அதை ஒட்டிய மேற்குக் கொச்சியிலும் அரசுப் பள்ளிகளிலும் உதவிபெறும் பள்ளிகளிலும் பாடம் நடத்துகிறவர்கள் நாங்கள். எங்கள் வகுப்பில் ஒரே பெஞ்சில் மலையாளம், கொங்கணி, தமிழ், உருது பேசும் பிள்ளைகள் நெருங்கி உட்கார்ந்திருப்பார்கள். டச்சுக்காரர் காலத்தில் துணி வெளுக்க அழைத்து வரப்பட்டதாகத் தங்கள் முன்னோர் கதையைச் சொல்லும் தோபிகானா குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். போன வருடம் விழுப்புரத்திலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வேலை தேடி வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆகவே இந்தச் சாசனத்தைத் தமிழிலும் எழுதுகிறோம். கோரிக்கை யாருக்காகவோ அவர்கள் வாசித்துப் பார்த்து, ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடிய வேண்டும்.

2025 நவம்பர் 1 அன்று கேரளம் அதிதீவிர வறுமை ஒழிந்த மாநிலமாக அறிவிக்கப்பட்டது. 64,006 குடும்பங்களை வீடுவீடாகக் கண்டறிந்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் திட்டம் போட்டுச் செய்த வேலை அது. அதை நாங்கள் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் எங்கள் வருகைப்பதிவேட்டில் உள்ள பெரும்பாலான பிள்ளைகளின் வீடு அந்தப் பட்டியலில் ஒருபோதும் இருந்ததில்லை. அப்பாவுக்கு வேலை உண்டு: சுமைதூக்கு, பெயின்ட், மீன் ஏலம், வாடகை ஆட்டோ. அம்மா இரண்டு மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறார். வருமானமே இல்லை என்று சொல்ல முடியாது. எந்த வாரம் வரும், எந்த வாரம் வராது என்பதுதான் தெரியாது. மழை பிடித்தால், கப்பல் வராவிட்டால், ஆட்டோ பழுதானால், அந்த வாரம் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு குறைகிறது. கணக்கெடுப்பு அதிகாரி வந்துபோன நாளில் அடுப்பு எரிந்திருக்கும். அடுத்த திங்கட்கிழமை காலையில் அது எரியவில்லை என்பது வகுப்பாசிரியருக்கு மட்டும் தெரியும்.

அதனால் கேட்கிறோம். இந்த வறுமை எங்கள் கைப்பையாலும், சமையல்கார அக்காக்களின் இரக்கத்தாலும், நல்ல மனம் கொண்ட யாராவது ஒருவரின் நன்கொடையாலும் மூடி மறைக்கப்பட்டு வருகிறது. அதை அரசு தன் பொறுப்பாக, எழுத்தில், நிதி ஒதுக்கீட்டோடு ஏற்க வேண்டும்.

சோறு

மதிய உணவு எட்டாம் வகுப்பு வரை உண்டு. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமே அதை உரிமையாகத் தந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் போகும் ஜூன் மாதத்தில் அந்த உரிமை நின்றுபோகிறது. வளரும் உடம்பு அதிகம் கேட்பது அந்த வயதில்தான். ஒரே வளாகம், ஒரே சமையற்கூடம், அடிக்கும் மணியும் ஒன்றே. தம்பி தட்டோடு வரிசையில் நிற்கிறான். அக்காள் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்குத் திரும்புகிறாள். மிச்சமிருந்தால் அவளைக் கூப்பிட்டு உட்காரவைப்பவர் கணக்குப்படி தவறு செய்கிறார். இந்தத் தவறை எங்கள் பள்ளிகளில் பலர் செய்கிறார்கள், நாங்களும் கண்டும் காணாமல் இருக்கிறோம். பத்தாம் வகுப்பு வரை மதிய உணவு தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அடுத்த கல்வியாண்டு முதல் கேரளத்திலும் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அது வர வேண்டும். இதுதான் எங்கள் முதல் கோரிக்கை.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். 2025 மே 1 முதல் ஒன்றிய அரசு வகுத்துள்ள பொருட்செலவு, தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு நாளொன்றுக்கு 6 ரூபாய் 78 காசு. உயர் தொடக்கநிலைக்கு 10 ரூபாய் 17 காசு. அரிசி தனியாக வந்துவிடும். பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, கேஸ் எல்லாம் இந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். மட்டாஞ்சேரி சந்தையில் தக்காளி என்ன விலை விற்கிறது என்று பார்த்தவர் யாரும் இந்தத் தொகையைச் சரியென்று சொல்லமாட்டார். 2025 ஆகஸ்டில் புலாவ், லெமன் ரைஸ் என்று புதிய உணவுப்பட்டியல் வந்தபோது பிள்ளைகள் கும்மாளமிட்டார்கள். எங்களுக்கும் மகிழ்ச்சிதான். அந்தப் பட்டியலைச் சமைக்கப் போதுமான தொகையை மாநிலம் தன் பங்கிலிருந்து சேர்த்துத் தர வேண்டும். சில்லறை விலையேற்றத்தோடு ஆண்டுதோறும் அது தானாக உயர வேண்டும்.

அதைவிட முக்கியம், பணம் முன்கூட்டியே வருவது. மாதம் முழுக்கச் சமைத்து முடித்து, பில் போட்டு, பிறகு காத்திருப்பது என்றால் மளிகைக்கடையில் கடன்காரராக நிற்பவர் தலைமையாசிரியர். 2023இல் பல மாதப் பாக்கி சேர்ந்து, ஆசிரியர் சங்கம் கேரள உயர் நீதிமன்றத்தின் படியேறிய நிலை வந்தது. தன் பெயரில் கடன் வாங்கிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்ட தலைமையாசிரியர்களுக்கு இந்த மாநிலம் நன்றி சொல்ல வேண்டும். இனி யாரும் அப்படிச் செய்ய நேரக்கூடாது. ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் மூன்று மாதத் தொகை பள்ளியின் கணக்கில் இருக்க வேண்டும்.

சமைப்பவரை மறந்துவிட்டுச் சோற்றைப் பற்றிப் பேசுவது சரியில்லை. கேரளத்தில் 500 பிள்ளைகள் வரை ஒரே சமையலர். மற்ற மாநிலங்களைவிட இங்கே கூலி அதிகம் என்பது உண்மை. ஆனால் ஒற்றை ஆளால் முந்நூறு, நானூறு பேருக்குச் சமைத்து, பரிமாறி, பாத்திரம் கழுவ முடியாது என்பதால், அந்தக் கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து உதவிக்கு ஆள் வைத்துக்கொள்கிறார்கள். 250 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற அவர்களுடைய கோரிக்கையை எங்கள் கோரிக்கையாக ஏற்கிறோம்.

இனிக் காலையுணவு. மதியச் சோறு ஒரு மணிக்கு வருகிறது. கணக்கும் மொழியும் அதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. முதல் பீரியடில் தலையைக் கவிழ்த்துப் படுத்துவிடும் பிள்ளையிடம் கேட்டால் வயிற்றுவலி என்றுதான் சொல்லும். பசிக்கிறது என்று சொல்ல எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023இல் தமிழ்நாட்டின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது, பிறகு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. எங்கள் எறணாகுளம் மாவட்டத்திலேயே, 2017இல் பினானிபுரம் அரசுப் பள்ளியிலிருந்து தொடங்கிய ‘ரோஷ்னி’ திட்டத்தில், வெளிமாநிலப் பிள்ளைகளுக்குக் காலையில் பாடத்தோடு சிற்றுண்டியும் தந்தார்கள். கேரளத்தின் சில உள்ளாட்சிகள் தங்கள் நிதியில் காலையுணவு தருகின்றன. ஆக, வழி தெரியாமல் யாரும் இல்லை. ஒரு வருடம் நிதி இருந்தால் தருவது, அடுத்த வருடம் நிறுத்துவது என்ற நிலையைத்தான் மாற்ற வேண்டும். கொச்சி மாநகராட்சி எல்லையில் உள்ள எல்லா அரசு, உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளிலும் முதல் மணிக்கு முன் சூடான காலையுணவை நிரந்தரத் திட்டமாக அறிவிக்க வேண்டும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து மதிய உணவு பெற்ற குழந்தைகளின் வாசிப்புத் திறன் 18 விழுக்காடு வரை கூடியதாக இந்திய மாவட்டங்களை ஆராய்ந்த தானிகா சக்ரவர்த்தி, ராஜஸ்ரீ ஜெயராமன் ஆகியோரின் ஆய்வு 2019இல் வெளிவந்தது. வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு எத்தனையோ சிறப்பு வகுப்புகள் எடுக்கச் சொல்கிறீர்கள், எடுக்கிறோம். அந்தப் பட்டியலில் இட்லியையும் சேருங்கள்.

கேரளம் இங்கே தலைநிமிர்ந்து நிற்க முடியாத ஓர் எண்ணும் உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 23.4 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். முந்தைய கணக்கெடுப்பைவிட இது கூடியிருக்கிறது. அந்தக் குழந்தைகள் இப்போது எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள்.

ஏப்ரலும் மேயும் வேறு இருக்கின்றன. பள்ளி விடுமுறை நாட்களுக்குச் சட்டம் உணவைத் தரவில்லை. ஓணத்துக்கு மாணவர்களுக்கு அரிசி தருவதுபோல, கோடை விடுமுறைக்கும் அரிசி, பயறு, எண்ணெய் கொண்ட பை தர வேண்டும்.

வீடு

மட்டாஞ்சேரியைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் டச்சு அரண்மனையையும், 1568இல் கட்டிய பரதேசி யூதத் தொழுகைக்கூடத்தையும் பார்த்துவிட்டு மசாலா வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். அதே சாலையிலிருந்து பிரியும் சந்துகளில், ஒற்றை அறையில் இரண்டு குடும்பங்கள் வாழ்கின்றன. முறைபோட்டுத் தூங்கும் வீடுகள் இங்கே புதிதில்லை. பெரியவர்கள் சாப்பிட்டு, பாத்திரம் ஒதுக்கி, பாய் விரிக்கும்வரை பிள்ளைக்குப் புத்தகம் விரிக்க இடம் கிடையாது. பாய் விரித்த பிறகு விளக்கு அணைந்துவிடும். வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று நாங்கள் சிவப்பு மையில் எழுதுகிறோமே, அந்தப் பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் பாடம் செய்யும் இடம் என்று ஒன்று இருந்ததே இல்லை.

இடம் மட்டுமா, நிலையான முகவரியும் இல்லை. மேற்குக் கொச்சியில் பணயத்துக்கு வீடு எடுப்பது வழக்கம். தமிழ்நாட்டில் ஒத்தி என்பார்கள். சில லட்சங்களைக் கடன் வாங்கி உடைமையாளரிடம் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பார்கள். காலம் முடிந்ததும், அல்லது உடைமையாளர் வீட்டை ஹோம்ஸ்டே ஆக்க நினைத்ததும், வேறு இடம் தேட வேண்டும். பிள்ளை பள்ளி மாறுகிறது. இல்லையென்றால் இரண்டு பஸ் மாறி வருகிறது, பிறகு வருவதைக் குறைக்கிறது.

2025 செப்டம்பரில் மேற்குக் கொச்சியின் துருத்திப் பகுதியில் இரட்டைக் கோபுரக் குடியிருப்பு திறக்கப்பட்டு 394 குடும்பங்களுக்கு வீடு கிடைத்தது. அந்த வாரம் எங்கள் வகுப்புகளில் சில பிள்ளைகள் தங்களுக்கென்று ஒரு ஜன்னல் இருப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பல ஆண்டுகள் தாமதித்து வந்தாலும் அது பெரிய காரியம். இன்னும் காத்திருப்போர் பட்டியலை மாநகராட்சி வெளியிட வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகள் உள்ள ஒற்றை அறைக் குடும்பங்களுக்கு முன்னுரிமை வேண்டும். இனிக் கட்டும் ஒவ்வொரு குடியிருப்பிலும் கீழ்த்தளத்தில் படிப்பறை கட்டாயம் வேண்டும். வீடு கட்டி முடியும்வரை பிள்ளைகள் காத்திருக்க முடியாது. ஆகவே வார்டுக்கு ஒன்றாவது, மாநகராட்சிச் சமுதாயக் கூடத்தையோ நூலகத்தையோ பள்ளி வகுப்பறையையோ மாலை 5 முதல் 8 வரை திறந்து, விளக்கு, மின்விசிறி, சிற்றுண்டி, பொறுப்பாளர் ஒருவரோடு நடத்த வேண்டும். அந்தப் பொறுப்பாளர் சம்பளம் பெறும் ஆளாக இருக்க வேண்டும். ஆசிரியரின் நாளை இன்னும் மூன்று மணிநேரம் நீட்டுவதற்கான வழியாக இது மாறக்கூடாது.

ஆறாம் நாள்

இது வெளியே அதிகம் பேசப்படாத விஷயம். ஆனால் எங்கள் வேலையை ஆண்டு முழுக்கத் தீர்மானிப்பது இதுதான்.

ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலைநாளில் தலை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் என்று முடிவாகிறது. ஊருக்குப் போன குடும்பம் ஜூன் கடைசியில் திரும்புகிறது. பணய வீடு மாறிய குடும்பம் ஜூலையில் டிசி வாங்குகிறது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் மழைக்குப் பிறகு வருகிறார்கள். இந்தப் பிள்ளைகள் எல்லோரும் வகுப்பில் உட்கார்கிறார்கள். கணக்கில் மட்டும் இல்லை. ஏழைப் பிள்ளைகள் அதிகம் உள்ள பள்ளிக்குத்தான் இதனால் இழப்பு அதிகம். அந்த நாளில் இரண்டு பிள்ளைகள் குறைந்தாலே டிவிஷன் போய்விடும். இரண்டு வகுப்புகள் ஒன்றாகும். வேலையிழக்கும் பயத்தில் ஆசிரியர்கள் மே மாதம் முழுக்க வீடுவீடாகப் பிள்ளை பிடிக்க அலைவார்கள். அதே வீடுகளுக்குப் பிள்ளை ஏன் வரவில்லை என்று விசாரிக்க ஆகஸ்டில் போக அவர்களுக்கு நேரம் இருக்காது.

ஆகஸ்டிலும் நவம்பரிலும் மறு எண்ணிக்கை நடத்தி, கூடியிருந்தால் ஆசிரியரைத் தர வேண்டும். வறிய பகுதி என்று அறிவிக்கப்படும் வார்டுகளில் தொடக்க வகுப்புக்கு 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 30 என்பது எல்லா ஊருக்குமான பொது எண். இங்கே வகுப்பாசிரியர் என்பவர் பாடம் நடத்துவதோடு நிற்பதில்லை. அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளைச் சேர்க்கும் பொறுப்பை உள்ளாட்சியிடம் தந்திருக்கிறது. அதற்கு மாநகராட்சி தனி அலுவலரை நியமித்து, ஆண்டு முழுதும் சேர்க்கை நடத்த வேண்டும்.

உதவிபெறும் பள்ளிகளில் நியமன ஒப்புதல் வராமல் ஆண்டுக்கணக்கில் சம்பளமின்றி வேலை செய்யும் ஆசிரியர்களின் கோப்புகளை உடனே தீர்க்க வேண்டும். வீட்டு வாடகைக்கு வழியில்லாதவரிடம் பிள்ளைகளின் வறுமையைத் தாங்கிப் பிடி என்று சொல்வது நியாயமில்லை.

தாள்களும் மொழியும்

மஞ்சள், இளஞ்சிவப்பு, நீலம், வெள்ளை என்று ரேஷன் அட்டையின் நிறத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரிக்கும் வழக்கம் பள்ளிக்குள் வேண்டாம். வெளியூரிலிருந்து வந்தவர்களின் அட்டை விழுப்புரத்தில் இருக்கும். சாதிச் சான்றிதழ் இங்கே செல்லாது என்பார்கள். 1950க்கு முன்பே இங்கு குடியிருந்ததற்கு ஆதாரம் காட்ட முடியாத பட்டியல் சாதிக் குடும்பங்களின் பிள்ளைகள், பிறந்ததும் படிப்பதும் இங்கேயாக இருந்தும் உதவித்தொகை இல்லாமல் நிற்கிறார்கள். பள்ளி அளவிலான எல்லா உதவிக்கும் வகுப்பாசிரியரும் தலைமையாசிரியரும் தரும் சான்று போதும் என்று அரசாணை வேண்டும்.

ரோஷ்னியில் செய்ததுபோல, பிள்ளையின் வீட்டு மொழியும் மலையாளமும் தெரிந்த தன்னார்வலரை மேற்குக் கொச்சிப் பள்ளிகளுக்கும் தர வேண்டும். அவர்களுக்கு மாதச் சம்பளம் வேண்டும். தமிழ் பேசும் பிள்ளைக்கு மலையாளம் பக்கத்து மொழிதானே என்று விட்டுவிடுகிறார்கள். பேச்சு சீக்கிரம் பிடிபட்டுவிடும் என்பதாலேயே எழுத்தில் பின்தங்குவது நான்காம் வகுப்பு வரை யார் கண்ணிலும் படுவதில்லை.

மானம்

1953 செப்டம்பர் 15ஐ மட்டாஞ்சேரியில் யாரும் மறந்ததில்லை. அந்தக் காலத்தில் துறைமுகத்தில் வேலை வேண்டுமென்றால், ஆள் எடுக்கும் மூப்பன் எறியும் சாப்பா என்ற உலோகச் சில்லைப் பாய்ந்து பிடிக்க வேண்டியிருந்தது; பிடித்தவனுக்கு அன்று கூலி. அந்த முறையை எதிர்த்து எழுந்த தொழிலாளர்கள்மீது அன்று போலீஸ் சுட்டது. சைதும் சைதலவியும் விழுந்தார்கள். அந்தோணி காவலில் அடிபட்டு இறந்தார். அவர்களோடு நின்றவர்களின் கொள்ளுப்பேரர்கள் எங்கள் வகுப்பில் படிக்கிறார்கள். கூட்டத்தின் நடுவே எறியப்படும் உதவி மனிதரை என்ன செய்யும் என்பதை இந்த ஊருக்கு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் ஒவ்வொரு ஜூனிலும் அது எங்கள் பள்ளி மேடையில் நடக்கிறது. ஏழை மாணவர்கள் என்று பெயர் வாசித்து, வரிசையில் நிறுத்தி, பை கொடுத்து, படம் எடுத்து, மாலைக்குள் எல்லோருடைய வாட்ஸப்பிலும் போட்டுவிடுகிறார்கள். பத்து வயதுப் பெண் அந்தப் பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் பழைய பையோடு வருவாள். காரணம் கேட்டால் கிழிந்துவிட்டது என்பாள். உதவி பெறும் பிள்ளையின் முகத்தைப் படம் எடுப்பதற்குக் கல்வித் துறை தடை விதிக்க வேண்டும். நன்கொடை தர விரும்புவோர் பள்ளியின் பொதுக் கணக்கில் செலுத்தட்டும், பொருள் எல்லாப் பிள்ளைகளுக்கும் போகட்டும். சுற்றுலா, ஆண்டுவிழா, கூடுதல் புத்தகம், வகுப்பு போட்டோ என்று எந்தப் பெயரிலும் பணம் கொண்டுவரச் சொல்லி வகுப்பில் எழுப்பி நிறுத்தக் கூடாது. “டீச்சரே, அடுத்த திங்கள் வரைக்கும் பொறுத்துக்கோங்க” என்று ஓர் அம்மா பள்ளி வாசலில் நின்று கெஞ்சும் நிலைமை பொதுப்பள்ளியில் இருக்கவே கூடாது.

கண்ணாடி, செருப்பு, நாப்கின், மருந்து, பஸ் கட்டணம் என்று திடீரென்று வரும் தேவைக்குத் தலைமையாசிரியர் அன்றே செலவிடக்கூடிய உதவி நிதி ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும். இப்போது அது எங்கள் பணப்பையிலிருந்து போகிறது. கொடுக்க மனமில்லாமல் இதைச் சொல்லவில்லை. நாங்கள் கொடுப்பதால் தேவையே இல்லை என்று கணக்கில் ஏறுகிறது.

எங்கள் பங்கு

இந்தச் சாசனம் எங்களையும் கட்டுப்படுத்தும்.

2013இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தது. ஆள் ஒருவர்தான். கையில் காசில்லாத மாதங்களில் புத்திக்கூர்மைச் சோதனைகளில் பின்தங்கியவர், கரும்புப் பணம் வந்தபிறகு அதே சோதனைகளில் தெளிவாக முன்னேறினார். செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷஃபீரும் உடனிருந்து செய்த அந்த ஆய்வை ஒவ்வொரு ஆசிரியர் அறையிலும் பேச வேண்டும் என்று நினைக்கிறோம். வளர்ந்த மனிதருக்கே இந்த நிலை என்றால், அப்பாவின் கூலி வராத வாரத்தில் பெருக்கல் வாய்ப்பாட்டை மறக்கும் எட்டு வயதுப் பிள்ளையை மந்தம் என்று எழுதுவதற்கு முன் நாங்கள் யோசிக்க வேண்டும்.

ஆகவே, தாமதமாக வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தமாட்டோம். சீருடை இல்லாததற்காகத் திருப்பி அனுப்பமாட்டோம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் ஒருசேரத் தடுக்கிறது. “உங்க வீட்டிலெல்லாம் இப்படித்தான்” என்ற சொல்லும் அதில் அடங்கும் என்று ஏற்கிறோம். வீட்டில் செய்ய முடியாத வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்க நேரம் ஒதுக்குவோம். இதற்கெல்லாம் துணையாக, வறுமை பிள்ளையின் உடம்பிலும் கவனத்திலும் எப்படித் தென்படும் என்பதை ஆசிரியர்களுக்கான கிளஸ்டர் பயிற்சியில் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும், ஒவ்வொரு பள்ளிக்கும் முழுநேர மனநல ஆலோசகர் ஒருவர் வேண்டும் என்று அரசிடம் கேட்கிறோம். சட்டத்தின் 27ஆம் பிரிவு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு வேலைக்கு எங்களை அனுப்பக்கூடாது என்கிறது. மற்ற சர்வேக்களிலிருந்தும் டேட்டா என்ட்ரியிலிருந்தும் எங்களை விடுவித்தால், அந்த மணிநேரங்களைப் பிள்ளைகளின் வீட்டுக்குப் போய்வரச் செலவிடுவோம்.

பெற்றோரிடம் கேட்பது கொஞ்சம்தான். வீட்டில் முடியவில்லை என்றால் எங்களிடம் சொல்லுங்கள். வெட்கப்பட வேண்டியது நீங்கள் இல்லை.

இந்தச் சாசனத்தில் உள்ள ஒவ்வொரு கோரிக்கைக்கும் பொதுக்கல்வித் துறையும் மாநகராட்சியும் ஏற்கிறோம், மறுக்கிறோம், எந்தத் தேதிக்குள், எந்த நிதியிலிருந்து என்று எழுத்தில் பதில் தர வேண்டும். பள்ளி மீண்டும் திறக்கும் ஜூன் 1க்கு முன் அந்தப் பதில் எங்கள் கைக்கு வர வேண்டும். வந்த பதிலைத் தமிழிலும் மலையாளத்திலும் உருதுவிலும் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகைகளில் ஒட்டுவோம். வராவிட்டால் காலியான தாளை அதே இடத்தில் ஒட்டி, ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில் இந்தச் சாசனத்தை முதல் பொருளாக எடுத்துக்கொள்வோம்.